தொங்கும் கயிறு பொய் சொல்லாது

பாறையேற்றப் படங்கள் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். நல்ல படங்கள் நாலைந்து முதலில் வந்து நிற்கும். அதைத் தாண்டி உள்ளே போனால் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வரும். முதலில் இரண்டு ஷூவின் அடிப்பாகம். அதற்கு மேல் இடுப்புப் பட்டையில் சாவிக்கொத்து மாதிரி தொங்கும் கொக்கிகள். அதற்கும் மேல் ஒருவருடைய பின்பக்கம். முகம்? காணோம். கை? பாதிதான் தெரிகிறது. வானம்? வெள்ளையடித்த சுவர் மாதிரி வெறுமையாக இருக்கிறது. படத்துக்குக் கீழே மட்டும் "மரணத்தோடு விளையாட்டு" என்கிற ரேஞ்சில் ஒரு வரி!

பாறையேறிகளே இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'பட் ஷாட்'. கிண்டலாகத்தான். கிண்டல் செய்து முடித்த கையோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் அதையே மறுபடி எடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதுதான் கொடுமை.

கேட்டால் பதில் தயாராக இருக்கும். "கேமரா சரியில்லை", "லென்ஸ் போதவில்லை", "போன்லதான் எடுத்தேன்". இதில் ஒன்றும் உண்மையில்லை. பாறையேற்றப் படத்தின் தலையெழுத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. எடுப்பவர் எங்கே நின்றார்? எந்த நேரத்தில் நின்றார்? இந்த இரண்டு வேலையையும் செய்யாமல், கடைசியில் கேமராவைச் சாய்த்துப் பிடித்தும் கணினியில் வண்ணத்தைக் கூட்டியும் ஈடுகட்டப் பார்ப்பதை வெறும் சோம்பேறித்தனம் என்று விட்டுவிட முடியாது. அது கணக்கில் செய்கிற மோசடி. காமர்ஸ் படிப்பவர்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னால், பேலன்ஸ் ஷீட்டில் செய்யும் விண்டோ டிரெஸ்ஸிங்.

பாறையடியில் நிற்பதில் என்ன தப்பு?

பெரும்பாலானவர்கள் ஏன் பாறையின் அடியிலிருந்தே எடுக்கிறார்கள்? காரணம் ரொம்பச் சாதாரணம். கயிறு பிடிப்பவர் அங்கேதான் நிற்கிறார். பைகள் அங்கே இருக்கின்றன. நண்பர்களும் டீ பிளாஸ்க்கும் அங்கே. ஆகவே கேமராவும் அங்கே!

ஆனால் அந்த இடம் படத்தை என்ன செய்கிறது என்று யோசிக்க வேண்டும். பாறையை ஒட்டி நின்று அண்ணாந்து பார்க்கும்போது பார்வை ஏறக்குறைய பாறையோடு சேர்ந்தே ஓடுகிறது. செங்குத்தான பாறை, படத்தில் சாய்த்துப் போட்ட பாய் மாதிரி படுத்துவிடுகிறது. காலிலிருந்து தலை வரையுள்ள நீளம் சுருங்கி, ஆறடி ஆள் மூன்றடி ஆகிவிடுகிறார். கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது ஷூ என்பதால் அது பெரிதாகவும், தூரத்தில் இருக்கும் தலை சிறிதாகவும் விழுகிறது. எல்லாவற்றையும் விட முக்கியமான குறை, தரை படத்திலேயே இல்லை. ஏறுகிறவர் பத்தடி உயரத்தில் இருக்கிறாரா, முந்நூறு அடி உயரத்தில் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

ஒரு பாறையேற்றப் படத்தைப் பார்க்கிறவருக்கு இரண்டே இரண்டு கேள்விகள்தான். இவர் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்? பிடி நழுவினால் எங்கே போவார்? முதல் கேள்விக்குப் பதில் விரல்களிலும் முகத்திலும் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் ஏறுகிறவருக்குக் கீழே இருக்கும் வெளியில் இருக்கிறது. பாறையடியில் நின்று எடுத்த படம் இந்த இரண்டையுமே மறைத்துவிட்டு, பார்க்கிறவர் கேட்காத ஒன்றை (ஷூ கம்பெனியின் பெயரை!) பெரிதாகக் காட்டுகிறது.

கேமரா மேல் பழி போடுகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கெஸ்விக் என்று ஓர் ஊர். அங்கே ஜார்ஜ் ஆபிரகாம், ஆஷ்லி ஆபிரகாம் என்ற சகோதரர்கள் புகைப்பட நிலையம் நடத்தினார்கள். 1890களில் ஓவன் கிளின் ஜோன்ஸ் என்ற பாறையேறியோடு சேர்ந்து மலைகளுக்குப் போய்ப் படம் எடுத்தார்கள். 1897இல் வெளியான ஜோன்ஸின் பாறையேற்ற நூலில் இருப்பவை அந்தப் படங்கள்தான். அவர்களிடம் இருந்தது மரப்பெட்டிக் கேமரா, முக்காலி, எட்டரை அங்குலத்துக்கு ஆறரை அங்குலக் கண்ணாடித் தட்டுகள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தட்டு. கை தவறினால் தட்டும் போச்சு, படமும் போச்சு. ஏறுகிறவர் பாறையில் அசையாமல் நின்றுகொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உருவம் கலைந்துவிடும். இன்றைக்குச் சட்டைப் பையில் கிடக்கும் போனில் உள்ள வசதியில் நூறில் ஒரு பங்கு அவர்களுக்கு இல்லை. ஆனாலும் அந்தப் படங்களை இன்று பார்த்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. என்ன காரணம்? அத்தனை பாரத்தையும் தூக்கிக்கொண்டு எதிர்ப்புறப் பாறைக்கு ஏறினார்கள்.

அதே மலைப்பகுதியில் கிரேட் கேபிள் மலையின் சரிவில் நேப்ஸ் நீடில் என்று ஊசி மாதிரி நிற்கும் ஒரு பாறை உண்டு. 1886இல் ஹாஸ்கெட் ஸ்மித் தனியாளாக அதில் ஏறினார். இங்கிலாந்தில் பாறையேற்றம் ஒரு தனி விளையாட்டாகத் தொடங்கியதே அன்றுதான் என்று சொல்வார்கள். அந்த ஊசிக்கு நேரெதிரே உட்கார்ந்து பார்க்கத் தோதாக ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. அதற்கு ஏறுகிறவர்கள் வைத்த பெயர் 'டிரெஸ் சர்க்கிள்'. நாடகக் கொட்டகையில் பால்கனி இருக்கைக்கு ஆங்கிலேயர் சொல்லும் பெயர் அது. நூறு வருஷத்துக்கு மேலாக அந்த ஊசியின் நல்ல படங்கள் அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. மேடைக்கு அடியில் படுத்துக்கொண்டு யாராவது நாடகம் பார்ப்பார்களா? பாறையடியில் நின்று படம் எடுப்பவர் அதைத்தான் செய்கிறார்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்கு வருவோம். அங்கே எல் கேப்பிடன் என்று சுமார் 3000 அடி உயரத்துக்கு நிற்கும் கிரானைட் பாறை. 1960இல் அதன் 'நோஸ்' வழியில் இரண்டாவது முறையாக ஏறிய நால்வரில் ஒருவர் டாம் ஃபிராஸ்ட். 1961இல் ராயல் ராபின்ஸ், சக் பிராட் இருவரோடு சேர்ந்து 'சலாத்தே' வழியை முதன்முதலாக ஏறியவரும் அவர்தான். அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் அந்தக் காலகட்டத்தின் ஆவணம். அவரும் கயிற்றில் தொங்கியபடி, மற்றவர்களோடு சமமாக உழைத்துக்கொண்டே, கிடைத்த இடைவெளியில் எடுத்தவை. அவர் நின்ற இடம் அப்படி. ஆகவே அந்தப் படங்களில் முகம் இருக்கிறது, களைப்பு இருக்கிறது, பாதத்துக்குக் கீழே ஆயிரக்கணக்கான அடி வெற்றிடமும் இருக்கிறது.

இன்னொன்று. அதே யோசெமிட்டியில் 'செபரேட் ரியாலிட்டி' என்று ஒரு பாறை. வீட்டுக் கூரை மாதிரி கிடைமட்டமாக வெளியே நீண்டிருக்கும். அதன் அடிப்பக்கத்தில் ஒரு விரிசல். 1986இல் ஜெர்மானியர் வொல்ஃப்காங் கூலிக் கயிறே இல்லாமல் அந்த விரிசலில் கையையும் காலையும் செருகித் தொங்கியபடி கடந்தார். ஹைன்ஸ் ஸாக் எடுத்த அந்தப் படம் உலகம் முழுக்கப் போயிற்று. படத்தில் தந்திரம் ஒன்றும் கிடையாது. ஏறுகிறவரின் உயரத்திலேயே பக்கவாட்டில் கேமரா இருக்கிறது. மேலே கூரை, நடுவே மனிதர், கீழே வெகு ஆழத்தில் பள்ளத்தாக்கு. மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பார்வையில் பதில். இதே நிகழ்வை நேர் கீழேயிருந்து எடுத்திருந்தால் தரையில் மல்லாந்து கிடக்கும் ஆளின் படம் மாதிரி இருந்திருக்கும்!

சட்டகத்துக்குள் என்ன இருக்க வேண்டும்?

இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நல்ல படங்களைப் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தால் யாருக்கும் பிடிபடும்.

முதலாவது, செங்குத்து எது என்று காட்டும் ஏதாவது ஒன்று படத்தில் வேண்டும். தொங்கும் கயிறு, தூரத்து மரங்கள், அடிவானம், எதுவானாலும் சரி. அது இல்லாமல் பாறை எவ்வளவு சரிவு என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, ஏறுகிறவர் போகப்போகும் திசையில் இடம் விட வேண்டும். ஆளை நட்ட நடுவில் வைத்துச் சுற்றிலும் நெருக்கி வெட்டினால் அது பாஸ்போர்ட் படம். அடுத்த பிடி எங்கே இருக்கிறது, அது எவ்வளவு தூரம் என்பதும் படத்தின் கதையில் ஒரு பகுதி.

மூன்றாவது, கை கால்கள் உடம்பிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். வானத்துக்கு எதிரே நிழலுருவமாக எடுக்கும்போது இது இன்னும் முக்கியம். முழங்கை விலாவோடு ஒட்டிய ஒரு நொடியில் பட்டனை அழுத்தினால் மனிதர் மூட்டை ஆகிவிடுவார். கை நீண்டு, விரல் பிடியைத் தொடப்போகும் நொடிக்குக் காத்திருப்பவருக்குத்தான் படம்.

நான்காவது, சட்டை. சிரிப்பாக இருக்கலாம், ஆனால் சாம்பல் நிறக் கிரானைட்டில் சாம்பல் நிறச் சட்டை போட்டவர் பல்லி மாதிரி பாறையோடு பாறையாகிவிடுவார். சிவப்பு, மஞ்சள் எதையாவது போட்டுக்கொள்ளச் சொல்வதற்குச் செலவு ஒன்றுமில்லை.

தொழில்முறையில் எடுப்பவர்கள் ஏறுகிறவரின் கயிற்றை நம்பியிருப்பதில்லை. மேலிருந்து தனியாக ஒரு கயிற்றை, ஒன்றுக்கு இரண்டாகப் பிடிமானம் வைத்துக் கட்டி, அதில் ஜூமார் என்ற பிடிக்கருவியைக் கொண்டு ஏறி, வேண்டிய உயரத்தில் தொங்குகிறார்கள். ஏறும் வழிக்கு நேர் மேலே தொங்காமல் ஓரமாகத் தள்ளித் தொங்குகிறார்கள், தங்கள் கயிறு படத்துக்குள் வந்துவிடக் கூடாது என்பதற்காக மட்டுமில்லை. ஐம்பதடி மேலேயிருந்து ஒரு லென்ஸ் மூடி விழுந்தால்கூடக் கீழே இருப்பவருக்கு அது கல்தான். ஆகவே கேமராவும் லென்ஸும் வாரால் கட்டப்பட்டிருக்கும். இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகுதான் பட்டனை அழுத்தும் அந்த ஒரு நொடி. அந்த ஒரு நொடியை மட்டும் காப்பியடித்துவிட்டு மீதி உழைப்பைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம் என்று நினைப்பதுதான் நம்மவர்களின் தவறு.

வெளிச்சத்தை யாரும் விலைக்கு விற்பதில்லை

இடத்துக்கு அடுத்தது நேரம். இதில் நடக்கும் அநியாயம் இன்னும் பெரிது. ஏனென்றால் நல்ல இடத்துக்குப் போகக் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும். நல்ல வெளிச்சத்துக்குக் காத்திருந்தால் மட்டும் போதும்.

1927 ஏப்ரலில் ஆன்செல் ஆடம்ஸ் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையைப் படம் எடுக்க, எதிரே உள்ள ஓர் உயரமான திட்டுக்குக் கேமராவைச் சுமந்துகொண்டு ஏறினார். ஹாஃப் டோமின் அந்த முகப்பு வடமேற்கைப் பார்த்து நிற்பது. காலையில் நிழல், பிற்பகலில்தான் வெயில். அவர் காத்திருந்தார். கையில் கடைசியாக மிஞ்சியவை இரண்டு கண்ணாடித் தட்டுகள். முதல் தட்டை மஞ்சள் வடிகட்டி போட்டு எடுத்தார். தான் மனத்தில் கண்ட கம்பீரம் அதில் வராது என்று தோன்ற, இரண்டாவது தட்டுக்கு அடர்சிவப்பு வடிகட்டி போட்டார். நீல வானம் கறுத்தது, பாறை எழுந்து நின்றது. 'மோனோலித்' என்ற அந்தப் படம் புகைப்பட வரலாற்றில் ஒரு மைல்கல். ஏறுகிறவர் யாரும் இல்லாத படம்தான். ஆனாலும் பாறையை எடுக்க நினைக்கும் யாருக்கும் அதில் முதல் பாடம் இருக்கிறது: ஒவ்வொரு பாறைக்கும் ஒரு திசை உண்டு, ஒவ்வொரு திசைக்கும் ஒரு நேரம் உண்டு.

எல் கேப்பிடனையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தென்கிழக்கு முகத்தில் காலை வெயில் முதலில் விழுகிறது. 'டான் வால்', அதாவது விடியல் சுவர் என்று அதற்குப் பெயர் வந்ததே அதனால்தான். தென்மேற்கு முகத்துக்கு வெயில் பிற்பகலில்தான் முழுதாக வருகிறது. ஒரே பாறை, இரண்டு முகம், இரண்டு நேரம். திசைகாட்டி இன்று எல்லா போனிலும் இருக்கிறது. முந்தின நாள் அதைத் திறந்து பார்க்கும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கிறது?

நண்பகலில் என்ன நடக்கிறது? வெயில் நேர் உச்சியிலிருந்து விழுகிறது. ஹெல்மெட்டின் நிழல் முகத்தை மூடுகிறது. கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. வெயில் படும் கிரானைட்டுக்கும் பாறை இடுக்கில் இருக்கும் நிழலுக்கும் வெளிச்ச வித்தியாசம் மிக அதிகம். ஒன்றுக்குச் சரியாக வைத்தால் மற்றது வெளுத்துப்போகும் அல்லது கறுத்துப்போகும். போதாக்குறைக்கு, கேமராவின் வெளிச்சமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக் கணக்குப் போடும். வெயிலில் பளிச்சென்று இருக்கும் வெளிர்ப் பாறை சட்டகம் முழுக்க இருந்தால் அது ஏமாந்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். ஏறுகிறவரின் முகத்தை வைத்து அளவெடுத்தால் தீர்ந்துபோகிற பிரச்சினை இது. அளவெடுக்கத்தான் ஆளில்லை.

காலையிலும் மாலையிலும் வெளிச்சம் பக்கவாட்டில் வருகிறது. பாறையின் ஒவ்வொரு மேடும் தனக்கென ஒரு நிழலைப் போடுகிறது. விரல் நுனி மட்டும் நிற்கிற அரை அங்குல விளிம்பு அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. கேமராவில் பொருத்திய பிளாஷை நேராக அடித்தால் இந்த நிழல்களெல்லாம் செத்துப்போய்ப் பாறை சிமெண்ட் சுவராகிவிடும். முழு நிழலில் இருக்கும் பாறையும் மோசமில்லை. எதிரே வெயில் படும் வெளிர்ப் பாறை இருந்தால், அதிலிருந்து திரும்பி வரும் மென்மையான வெளிச்சம் முகத்துக்கு மிக நன்றாக இருக்கும். பின்னால் இருந்து வரும் மாலை வெயிலில், பின்னணி நிழலாக இருந்தால், கையிலிருந்து பறக்கும் வெள்ளைத் தூள்கூடப் புகை மாதிரி ஒளிரும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏறுகிறவர்களுக்கும் நண்பகல் பிடிக்காது! சூடான பாறையில் விரல் வியர்த்து வழுக்கும். குளிர்ந்த பாறையில்தான் பிடி நிற்கும். 2015 ஜனவரி 14இல் டாமி கால்டுவெல், கெவின் ஜோர்ஜெசன் இருவரும் 19 நாள் பாறையிலேயே தங்கி விடியல் சுவரைக் கையாலும் காலாலும் மட்டுமே ஏறி முடித்தார்கள் (கயிறு விழுந்தால் தாங்குவதற்கு மட்டும்). கடினமான பகுதிகளைக் குளிரும் இரவிலும் நெற்றி விளக்கோடு முயன்றார்கள், காரணம் இந்தப் பிடிமானம்தான். நம் பக்கத்து ஹம்பியிலும் கதை அதுவே. வெயில் ஏறிவிட்டால் அந்தக் கிரானைட் உருண்டைகளைத் தொட முடியாது, விடிகாலையிலும் அந்தியிலும்தான் ஏறுவார்கள். ஆக, ஏறுவதற்கு நல்ல நேரமும் படத்துக்கு நல்ல நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து வாய்க்கின்றன. அப்படியும் மத்தியான வெயிலில் எடுத்த படங்களே குவிகின்றன என்றால், யார் மேல் குற்றம்?

கேமராவைச் சாய்க்கும் கலை

இப்போது கொஞ்சம் கோபப்பட வேண்டிய இடம்.

எழுபது டிகிரி சரிவுள்ள பாறை. கேமராவை இருபது, முப்பது டிகிரி திருப்பிப் பிடித்தால் அது செங்குத்தாகிவிடும், ஏன், வெளியே தள்ளிக்கொண்டும் நிற்கும். அடிவானத்தையும் மரங்களையும் வெட்டிவிட்டால் சாட்சியும் இல்லை. பார்ப்பவர் வாயைப் பிளப்பார். இப்படி எத்தனையோ படங்கள் நாள்தோறும் வலம் வருகின்றன.

ஆனால் சாட்சி ஒன்று எப்போதும் மிஞ்சும். கயிற்றைப் பாருங்கள். இடுப்பில் தொங்கும் தூள் பையைப் பாருங்கள். பின்னிய சடையைப் பாருங்கள். அவை தொங்கும் திசைதான் உண்மையான கீழ். சட்டகத்தின் கீழ் விளிம்பு வேறு திசையைக் காட்டினால், அந்தப் படம் திருத்தப்பட்ட கணக்கு. ஆடிட்டர் வவுச்சரைப் பார்ப்பது மாதிரி பாறையேற்றப் படத்தில் முதலில் கயிற்றைப் பார்க்க வேண்டும்.

"அதனாலென்ன, கலைதானே? ஆடம்ஸ்கூடச் சிவப்பு வடிகட்டி போட்டு வானத்தைக் கறுப்பாக்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆடம்ஸ் வானத்தின் நிறத்தை மாற்றினார். ஹாஃப் டோமின் சரிவை மாற்றவில்லை. வானம் அப்படிக் கறுப்பாக இருக்காது என்று கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்க்கும் எவருக்கும் தெரியும், அதில் யாரும் ஏமாறுவதில்லை. பாறையேற்றம் என்பதே புவியீர்ப்போடு நடத்தும் வழக்கு. அந்த வழக்கில் எது கீழ், எது மேல் என்பதுதான் மூல ஆவணம். வெளிச்சத்துக்குப் பல விளக்கம் சொல்லலாம், மூல ஆவணத்தைத் திருத்த யாருக்கும் உரிமையில்லை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்றால், இரண்டு பேருக்கு. நிஜமாகவே செங்குத்தில் தொங்கியவரின் உழைப்பு மதிப்பிழக்கிறது, கள்ள நோட்டு பெருகினால் நல்ல நோட்டையும் சந்தேகிப்பது போல. அடுத்தது, புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர். படத்தில் பார்த்த 'பயங்கரப் பாறை' நேரில் சாதாரணச் சரிவாக இருப்பதைக் கண்டதும் அவருக்கு என்ன தோன்றும்? எல்லாப் பாறையும் இப்படித்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றுதானே? அந்த நினைப்போடு நிஜமான செங்குத்துக்குப் போகிறவர் கொடுக்கும் விலை அதிகம்.

மறுபடி செய்து காட்டச் சொல்லலாமா?

இன்னொரு கேள்வியும் உண்டு. ஏறி முடித்தவரைத் திரும்பக் கூப்பிட்டு, அதே இடத்தில் மறுபடி தொங்கச் சொல்லி எடுப்பது பொய்யா? இல்லை, சொல்லிவிட்டுச் செய்தால். அலெக்ஸ் ஹானல்ட் 2008இல் ஹாஃப் டோமைக் கயிறின்றித் தனியாக ஏறியபோது பாறையில் கேமராவே கிடையாது. அங்கே ஒரு குறுகிய திட்டில் முதுகைச் சாய்த்து அவர் நிற்கும் புகழ்பெற்ற காட்சிகள் பின்னால் அவர் திரும்பப் போனபோது எடுக்கப்பட்டவை. அவர் அதை ஒளிக்கவில்லை. திட்டும் அதேதான், ஆழமும் அதேதான். கோணம் நேர்மையாக இருந்தால் நாள் மாறியதில் குற்றமில்லை.

குற்றம் வேறு இடத்தில் வரலாம். கேமரா இருக்கிறது என்பதற்காக ஏறுகிறவர் தன் சக்திக்கு மீறி ஓர் அடி கூடுதலாக எடுத்து வைத்தால்? 2017 ஜூன் 3இல் அதே ஹானல்ட் எல் கேப்பிடனின் 'ஃபிரீரைடர்' வழியைக் கயிறில்லாமல் 3 மணி 56 நிமிடத்தில் ஏறினார். 'ஃபிரீ சோலோ' படத்துக்காக ஜிம்மி சின் குழு அதை எடுத்தது. குழுவில் பாறையில் தொங்கியவர்கள் தாங்களே தேர்ந்த பாறையேறிகள். ஆனாலும் மிகக் கடினமான ஒரு பகுதியில் யாரும் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்று முடிவு செய்து, தூரத்திலிருந்து இயக்கும் கேமராவை வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2016இல், ஹானல்ட் ஏறத் தொடங்கித் தொடக்கப் பகுதியிலேயே 'இன்று வேண்டாம்' என்று திரும்பிவிட்டார். இத்தனை கேமராக்கள் காத்திருந்தும் திரும்ப முடிந்தது. படம் எடுப்பவரின் தகுதிக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடையாது: உன் முன்னால் ஒருவர் தயங்காமல் திரும்பிப் போக முடிகிறதா? 2019இல் அந்தப் படம் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. "இன்னும் ஒரே ஒரு தடவை, ப்ளீஸ்!" என்று களைத்துப்போனவரை நச்சரிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

"எல்லாராலும் முடியுமா?"

கடைசி ஆட்சேபம் இது. தனிக் கயிறு, ஜூமார், பயிற்சி எல்லாம் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகுமா? பயிற்சி இல்லாதவர் படத்துக்காகக் கயிற்றில் தொங்கவே கூடாது, அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் பாறையடிக்கும் கயிற்றுக்கும் நடுவே எத்தனையோ இடங்கள் இருக்கின்றன. ஐம்பது அடி பக்கவாட்டில் நடந்து போனாலே பாறையின் உண்மையான சரிவு தெரிய ஆரம்பித்துவிடும். எதிரே ஒரு மேடு இருந்தால் அதுதான் டிரெஸ் சர்க்கிள். பல பாறைகளுக்குப் பின்புறம் நடந்தே உச்சிக்குப் போக வழி உண்டு. விவரம் தெரிந்தவர் உதவியோடு பிடிமானத்தில் கட்டிக்கொண்டு, விளிம்புக்குத் தள்ளி நின்றே மேலேறி வரும் முகத்தை எடுக்கலாம். ஹம்பி மாதிரி தாழ்ந்த உருண்டைப் பாறைகளாக இருந்தால் கயிறே தேவையில்லை, பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே முகம். காலையிலோ மாலையிலோ போவதற்கு எந்தக் கடையிலும் பில் போட மாட்டார்கள்.

இரண்டு லட்ச ரூபாய் கேமராவோடு பாறையடியில் நிற்பவரைவிட, பழைய போனோடு சரியான இடத்தில் சரியான வெயிலுக்காக உட்கார்ந்திருப்பவர் நல்ல படம் எடுப்பார். ஏறுகிறவர் ஒவ்வோர் அடிக்கும் உழைக்கிறார். எடுப்பவர் ஐம்பது அடியாவது நடக்கட்டும். அதுவும் முடியாதவர்கள் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கயிற்றை ஒழுங்காகப் பிடிக்கலாம். மேலே இருப்பவருக்கு அது எவ்வளவோ உபகாரம்!